குழாயில் விழுந்த வளையம்

இப்போதெல்லாம் எவனும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதில்லை. டப்பாவின் மேல் ஒரு படம் ஒட்டியிருந்தால் போதும், உள்ளேயும் அதுதான் இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பால் என்றால் பால். மருந்து என்றால் மருந்து. வெள்ளைக் கோட்டுப் போட்டவன் கையை நீட்டு என்றால் நீட்டுகிறார்கள், திரும்பிப் படு என்றால் திரும்பிப் படுக்கிறார்கள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கேட்டவன்தான் பட்டிக்காட்டான்.

ஜெயினுலாப்தீன் இதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு. தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் பழைய எண்ணெய் டின்களை வாங்கி, சோடா போட்டுக் கழுவி, ஒடுக்கெடுத்து, புது லேபிள் ஒட்டி மறுபடி விற்கிற பட்டறை அவருடையது. நெய் என்று எழுதிய டின்னில் டால்டா, டால்டா என்று எழுதியதில் பெயிண்ட், பெயிண்ட் என்று எழுதியதில் என்னவென்றே தெரியாத ஏதோ ஒரு கருமம் என்று பம்பாயின் அத்தனை பொய்யும் அவர் வாசலில் வந்து இறங்கும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். அதனால் எழுதியிருப்பதை நம்பும் கெட்ட பழக்கம் அவருக்கு வரவே இல்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். லாரி வந்து நின்றதும் ஒருவன் மூடியைத் திறந்து மோந்து சொல்லவேண்டும். அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்வார், ஏற்றுக்கொள்ளமாட்டார். அதே டின்னை, முதல் ஆள் சொன்னது காதில் விழாத இன்னொருவனிடம் நீட்டுவார். ரெண்டாவது மூக்கு என்று அதற்குப் பெயர். ரெண்டாவது மூக்கும் அதையே சொன்னால்தான் மால், அதாவது சரக்கு, உள்ளே போகும். இல்லாவிட்டால் லாரி வந்த வழியே போகவேண்டியதுதான்.

"பெத்த உம்மாவே மோந்து சொன்னாலும் ரெண்டாவது மூக்கு வேணும்ல" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷன் வீட்டில்தான் ஊசி வந்து சேர்ந்தது.

மகன் இனாயத்துல்லாவுக்கும் மருமகள் நஸீராவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. போகாத தர்கா இல்லை, கட்டாத நூல் இல்லை, தின்னாத மாத்திரை இல்லை. பம்பாயில் கண்ணாடிக் குழாயில் வைத்துக் கருவுண்டாக்குகிறார்கள் என்று பேப்பரில் படம் வந்தது. அடுத்த வருஷமே இனாயத்துல்லா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு தனியார் கிளினிக் படியேறிவிட்டான். அங்கே மாட்டுங்காவிலிருந்து வரும் கோமளா என்று ஒரு சின்ன வயது டாக்டர், தமிழ் பேசுகிறவள். முட்டை வளர ஊசி, வளர்ந்த முட்டையை எடுக்க மயக்கம், எடுத்ததைப் புருஷனுடையதோடு சேர்த்துக் குழாயில் வைத்து, மறுபடி உள்ளே வைக்க இன்னொரு நாள் என்று அவள் விளக்கிச் சொன்னாள். ஜெயினுலாப்தீன் கேட்ட முதல் கேள்வி, "குழாய் மாறிப்போச்சுன்னா?"

"குழாய்மேல பேர் எழுதி ஒட்டியிருக்கும் பெரியவரே."

"ஒட்டியிருந்தா?" என்றார். மகன் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டான்.

இரண்டு தடவை வைத்தார்கள், இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதுதான் கடைசி, இனிமேல் முட்டை வளராது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை உள்ளே வைத்தது நன்றாக ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று புதிதாக ஊசிகள் எழுதினார்கள். தினமும் இடுப்பில் ஒரு எண்ணெய் ஊசி. மூன்று நாளைக்கொரு தரம் ஐஸில் வைத்திருக்கவேண்டிய இன்னொரு ஊசி. வீட்டில் ஐஸ்பெட்டி ஏது? எதிரே கணேசபாண்டியன் சோடாக்கடை ஃப்ரிட்ஜில், கோல்ட் ஸ்பாட் பாட்டில்களுக்கு நடுவே அந்த மருந்து குந்தியிருந்தது.

கல்யாணிலிருந்து ஜெயினுலாப்தீனின் தங்கை மதீனா பீவி வந்தாள். உல்லாஸ்நகரில் ஒரு தையல்காரர் வீட்டுப் பெண்ணை அவள் இரண்டு வருஷமாகப் பார்த்துவைத்திருக்கிறாள், இனாயத்துல்லாவுக்கு ரெண்டாந்தாரமாக. ஒவ்வொரு தடவையும் அண்ணன் "பொறு" என்ற ஒரே சொல்லில் அவளை ரயிலேற்றி அனுப்பிவிடுவார். இந்தத் தடவை அவள் அசையவில்லை.

"காக்கா, எத்தன வருசம் பொறுக்க? அந்தப் புள்ளையும் கெழவியாப் போவும் போல. இதுவும் தங்கலன்னா என்ன செய்வீய? அதச் சொல்லுங்க, நான் போறேன்."

"தங்கலன்னா ஒன் இஷ்டம்" என்றார்.

"அல்லா மேல?"

"சொன்னா சொன்னதுதான்."

நஸீரா சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்து இருவருக்கும் கொடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஊசி போட வருகிறவள் சண்முகவடிவு, லேபர் கேம்ப் டிஸ்பென்சரி நர்ஸ். சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் வருவாள். பட்டறைக்கு மேலே பலகை மச்சு, ஏணிப்படி. ஏறிப்போய்ப் போட்டுவிட்டு இறங்குவாள். ஒருநாள் அவள் குப்பையில் எறிந்த கண்ணாடிக் குப்பியை ஜெயினுலாப்தீன் எடுத்தார். உடைந்த முனையை மூக்கருகே கொண்டுபோனார். விரலில் தொட்டுத் தேய்த்தார். மறுபடி மோந்தார்.

"எம்மா வடிவு, நில்லு. இதுல என்ன இருக்கு?"

"மருந்து பாய்."

"மருந்துன்னு நீ சொல்லுத. கடலெண்ணெய்னு என் மூக்கு சொல்லுது."

"எண்ணெயிலதான் பாய் கலக்குவாங்க. தண்ணியில கரையாதாம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரன் எழுதியிருக்காம்லா."

"எழுதியிருக்கானா! இந்தா, அசல் பசு நெய்யின்னு எழுதி ஒரு டின்னு நிக்கி. தொறந்து காட்டவா? உள்ள கிரீஸு."

"டின்னு வேற பாய், இது வேற."

"அடைச்சு மூடிட்டா எல்லாம் டின்னுதான்."

மேலிருந்து நஸீராவின் குரல் வந்தது. "மாமா, அவங்கள விடுங்க. அவங்க வீட்டுல அடுப்புப் பத்தவைக்கணும்."

எண்ணெய் உடம்பில் கரையாமல் இடுப்பெல்லாம் கட்டி கட்டியாக நின்றது. நஸீராவால் நேராக உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து அரிசி களைந்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாப்பிட்டாள். ஜெயினுலாப்தீன் ஏணிப்படிகளில் சாக்கைச் சுற்றிக் கட்டினார். தண்ணீர் டிரம்மை அடுப்புக்கு அருகில் நகர்த்திவைத்தார். இதையும் அவர் யாரையோ திட்டிக்கொண்டேதான் செய்தார்.

"ஒனக்கு இதுல நம்பிக்கை இருக்காம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

நஸீரா யோசித்தாள். "நம்பிக்கைன்னு இல்ல மாமா. குத்தும்போது வலிக்குதுல்ல, அப்ப ஏதோ நடக்குதுன்னு தோணுது. சும்மா இருந்த வருசத்துல ஒண்ணுமே வலிக்கல."

இனாயத்துல்லா டின் வாங்க குஜராத் பக்கம் வாபிக்குப் போயிருந்தான். வர ஒரு வாரமாகும். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வரவேண்டும், ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வோம், அதற்கு முன்னால் வெளியில் எங்கேயும் டெஸ்ட் எடுக்காதீர்கள் என்று கோமளா டாக்டர் சொல்லியிருந்தாள். ஏன் என்பதை இனாயத்துல்லாவிடம் இங்கிலீஷில் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

ஜெயினுலாப்தீனுக்கு வெளியில் எடுக்காதே என்ற அந்த ஒரு சொல்தான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்காதே, வீட்டுக்குப் போய்த் திற என்று சொல்கிற வியாபாரியை அவர் இந்த ஊரில் நாற்பது வருஷமாகப் பார்க்கிறார்.

"ஒரு பாட்டில்ல ஒண்ணுக்குப் புடிச்சுத் தா" என்றார் மருமகளிடம். இப்படி ஒரு வார்த்தையை மருமகளிடம் சொல்ல நேர்ந்ததற்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டாக்டரம்மா வேண்டாம்னாங்க மாமா."

"அவ வேண்டாம்னதுனாலதான் கேக்கேன்."

நஸீரா நின்றாள். அவளுக்கும் வெள்ளிக்கிழமை ரொம்ப தூரத்தில் இருந்தது. கொதிதண்ணீரில் கழுவிய தைலப் பாட்டிலில் பிடித்துக்கொடுத்தாள். பேப்பரில் சுற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு லேபர் கேம்ப்புக்கு நடந்தார். அங்கே சொரிமுத்து என்று ஒருவன் சின்னதாக லேப் வைத்திருந்தான். சர்க்கரைக்கும் மஞ்சள் காமாலைக்கும் பார்க்கிறவன். தெற்கத்தி ஆள்தான், அதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக அவனைச் சந்தேகப்பட்டார்.

சொரிமுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் சோதனை மருந்தையும் மூத்திரத்தையும் விட்டுத் தாங்கியில் நிறுத்தினான். தாங்கிக்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு.

"அசைக்கக்கூடாது பாய். ரெண்டு மணி நேரம் ஆவும். அடியில வளையம் விழுந்தா உண்டாயிருக்குன்னு அர்த்தம். விழலன்னா இல்ல. போய்ட்டு வாங்க."

"நான் இங்கனதான் இருப்பேன்."

வாசல் குழாயில் மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடிக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாராவது மேஜைப் பக்கம் வந்தால் கையைக் குறுக்கே நீட்டினார். ரயில் போகும்போது கட்டடம் அதிர்ந்தது, குழாய் கலங்கிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ரெண்டு மணி நேரம் கழிந்ததும் சொரிமுத்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது பல்லெல்லாம் தெரிந்தது.

"பாய், மிட்டாய எடுங்க."

"நல்லாப் பாருல."

"நீங்களே பாருங்களேன்."

குனிந்து பார்த்தார். கண்ணாடித் துண்டில், குழாயின் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பழுப்பாய் ஒரு வளையம். சுற்றிலும் சுத்தமாய், யாரோ காம்பஸ் வைத்துக் கீறினதுபோல. அது போதவில்லை அவருக்கு. சர்க்கரை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவியைக் கையைக் காட்டி அழைத்தார்.

"எம்மா, இங்கன வா. இதுல ஒனக்கு என்ன தெரியுது?"

கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வளையம் மாதிரி இருக்கு. ஏன், என்ன அது?"

ரெண்டாவது மூக்கும் சொல்லிவிட்டது. அவர் வாழ்நாளில் ஒரு மாலும் இவ்வளவு சுத்தமாக உள்ளே வந்ததில்லை.

அன்றைக்கு அவரைப் பார்த்தவர்கள் இன்னமும் சொல்வார்கள். சோடாக்கடை போனில் கல்யாணுக்குப் பேசினார். "மதீனா, அந்தத் தையக்காரங்கிட்ட வேற மாப்பிள்ள பாக்கச் சொல்லிரு" என்று கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுப் பாத்திஹா ஓதவைத்தார். பட்டறையில் அடுப்பு மூட்டி நெய்ச்சோறு ஆக்கி, டின் கழுவுகிறவர்கள், லாரிக்காரர்கள், சொரிமுத்து, அந்தக் கிழவி வரைக்கும் எல்லோருக்கும் இலை போட்டார். கணேசபாண்டியன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"பாய், டாக்டரு சொல்லியாச்சா?"

"டாக்டரு என்ன சொல்லுதது? நான் கண்ணால பாத்தேன்."

சாயங்காலம் சண்முகவடிவு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெயினுலாப்தீன் ஏணியடியில் நின்றார்.

"வேண்டாம் தாயி. சோறு சாப்புட்டுட்டுப் போ."

"பாய், வெள்ளிக்கெழமை வரைக்கும் போடணும். சீட்டுல இருக்கு."

"புள்ள உண்டாயாச்சு. இனி என்னத்துக்குக் குத்துத?"

"தங்குததுக்குத்தான் பாய் குத்துதது."

"ஏ வடிவு, நான் சொல்லுதத கேளு. டின்னுல எண்ணெய்ப் பசை ஒரு சொட்டு இருந்தாலும் லேபிளு ஒட்டாது. ஒட்டுனதும் வழுக்கிக்கிட்டு வந்துரும். அதுக்குத்தான் சோடா போட்டுக் கழுவுதோம். இங்க ஒட்டியிருக்கதுமேல தெனமும் எண்ணெய ஊத்துதிய. அது நிக்கவா?"

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவர். அந்தக் குழந்தை வழுக்கி விழுந்துகொண்டிருப்பது அவர் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

"நீ சொல்லு நஸீரா" என்றாள் மேலே பார்த்து.

நஸீரா ஏணியின் மேல்படியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னாங்களே மாமா."

"நான் பாத்தேம்மா. வளையத்த என் கண்ணால பாத்தேன்."

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விஷயத்தையாவது உண்மை என்று மாமனார் சொல்லி அவள் கேட்டதில்லை. தர்காவை, டாக்டரை, ரேஷன் கடையை, மகனை, ரேடியோவில் சொல்லும் நேரத்தை, எதையும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஒத்துக்கொண்டுவிட்டார். அவள் சண்முகவடிவைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். இடுப்பில் குத்தக் கட்டியில்லாத இடமும் இல்லை.

எண்ணெய் ஊசியும் நின்றது, ஐஸ் ஊசியும் நின்றது.

புதன்கிழமை விடியலில் ஜெயினுலாப்தீன் தொழுதுவிட்டுத் திரும்பியபோது மச்சில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் விழுந்தது. நஸீராவின் தொழுகைப் பாய் ஏணி மூட்டில் மடித்தபடி தொங்கியது. அந்த நேரத்துக்கு அது விரித்துக் கிடக்கவேண்டும். மாதத்தில் சில நாள்தான் பெண்ணுக்குத் தொழுகை இல்லை. அந்த மடித்த பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இறங்கிவந்து அடுப்பு மூட்டினாள். சாயா கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அது எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை இனாயத்துல்லா வந்தான். வெள்ளிக்கிழமை மூவரும் டவுனுக்குப் போனார்கள். ரத்தம் எடுத்து, காத்திருந்து, கடைசியில் கோமளா டாக்டர் கூப்பிட்டாள். உட்காரச் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவையும் இல்லைம்மா. ரொம்ப சாரி. ஊசியெல்லாம் விடாம போட்டுண்டேளா?"

ஜெயினுலாப்தீன் வாயைத் திறந்தார்.

"நாந்தான் நிறுத்திட்டேன்" என்றாள் நஸீரா. "வலி தாங்கல. லேப்ல பாத்தப்ப வளையம் விழுந்துச்சு. அதான் இனி வேண்டாம்னு நானே நிறுத்திட்டேன்."

இனாயத்துல்லா திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையை ஜெயினுலாப்தீன் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஐயோ, வெளியில டெஸ்ட் எடுக்காதேங்கோன்னு சொன்னேனே" என்றாள் டாக்டர். "கர்ப்பமா இருக்கறவா யூரின்ல ஒரு பொருள் வரும். அந்த டெஸ்ட் அதைத்தான் தேடும். நாங்க ஐஸ்ல வெச்சுக் குடுத்த ஊசி இருக்கே, அதுவும் அதே பொருள்தான். கர்ப்பிணிகளோட யூரின்லேர்ந்துதான் அதை எடுக்கறா. உள்ள போட்டா வெளியில வரத்தானே செய்யும்? குழந்தை இருந்தாலும் வளையம் விழும், இல்லாட்டாலும் விழும்."

"மூத்திரத்தையா உள்ள ஏத்துனீங்க?" என்றார் ஜெயினுலாப்தீன்.

"சுத்தம் பண்ணினது பெரியவரே."

"அத எனக்குப் போட்டா எனக்கும் விழுமா?"

"உங்களுக்கும் விழும்."

"வாப்பா, சும்மா இருங்க" என்றான் இனாயத்துல்லா.

"நீ இருல. டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. புள்ள இருந்துச்சா, இல்லியா?"

"தெரியாது."

"எண்ணெய நிறுத்துனதுனால போச்சா?"

டாக்டர் நஸீராவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதுவும் சொல்ல முடியாது. போட்டிருந்தாலும் தங்காம போயிருக்கலாம், நெறைய பேருக்கு அப்படித்தான் ஆறது. நிறுத்தினதாலயும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

இவ்வளவு படித்து, இவ்வளவு கண்ணாடிச் சாமான் வைத்துக்கொண்டு, தெரியாது என்கிறாள். டின்னில் என்ன இருந்தது என்று கேட்டால் கழுவியாகிவிட்டது, தெரியாது என்பதுபோல.

பஸ்ஸில் இனாயத்துல்லா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். சயன் தாண்டும்போது மட்டும் சொன்னான். "கொஞ்ச நாள் பொறுக்க முடியலியாட்டி ஒனக்கு?" நஸீரா முந்தானையை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பின்சீட்டில் இருந்த ஜெயினுலாப்தீனுக்கு அது தெளிவாகக் கேட்டது. நான்தான்ல நிறுத்தினேன் என்று சொல்ல மூன்று ஸ்டாப் இருந்தது. மூன்றும் போய்விட்டது.

வீட்டில் அவன் வெளியே போன பிறகு கேட்டார். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"ஒங்க பேரச் சொன்னா அவுக ஒங்ககூட பேசமாட்டாங்க மாமா" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எங்கூட எப்படியும் பேசப்போறதில்ல."

மதீனா பீவி கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் வாப்பாவைக் கூட்டிவருவதாகச் சொல்லியனுப்பினாள். ஜெயித்துவிட்ட பெருமையில் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை அவள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சொன்னா சொன்னதுதான் என்று அவரேதான் சொல்லியிருந்தார். நஸீரா அதற்கு மறுநாளே தன் துணிமணி டிரங்குப் பெட்டியை மச்சிலிருந்து இறக்கிக் கீழே அடுப்பங்கரை ஓரத்தில் வைத்துவிட்டாள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கணேசபாண்டியன் கடையிலிருந்து குரல் கொடுத்தான்.

"பாய், ஒங்க வீட்டு மருந்து இன்னும் ஃப்ரிட்ஜில கெடக்கு. எடுத்துக்கிடுங்க. பாட்டில் அடுக்க எடமில்ல."

மீந்துபோன ஐஸ் ஊசி. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, சில்லென்று. அதை வைத்துக்கொண்டு ஜெயினுலாப்தீன் ரோட்டோரம் நின்றார். பிறகு நேராக டிஸ்பென்சரிக்குப் போனார்.

"இத எனக்குப் போடு தாயி."

சண்முகவடிவு குப்பியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒங்களுக்கு என்ன பாய், கோட்டி புடிச்சிருக்கா? இது பொம்பளையளுக்குள்ளது."

"தெரியும். போடு."

"என்னத்துக்கு?"

"மோந்து பாக்கணும்."

அவளுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ பாய், டாக்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும். விடுங்க. போனது போச்சு."

"போச்சுன்னு யாரு சொன்னா? இருந்துச்சான்னே தெரியாதுங்காளே அவ. போடுன்னா போடு. இல்லன்னா நானே குத்திக்கிடுவேன்."

குத்திக்கொண்டாலும் குத்திக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் போட்டாள். ஜெயினுலாப்தீனுக்கு வயது வந்தபின் விழுந்த முதல் ஊசி அதுதான். வலித்தது. ஏதோ நடக்குதுன்னு தோணுது என்று நஸீரா சொன்னது ஞாபகம் வந்தது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, வலி மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே தைலப் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு லேபர் கேம்ப்புக்குப் போனார். வீட்டில் நஸீரா வருகிறவர்களுக்காகச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை தெரு முக்கு வரை கூட வந்தது.

யாருடையது என்று சொரிமுத்து கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எவனும் கேட்டிருக்கமாட்டான். டாக்டர் சொன்னதும் பெண் வீட்டார் வருவதும் அதற்குள் லேபர் கேம்ப் வரை பரவியிருந்தது. அதே மாதிரிக் குழாய், அதே தாங்கி, அதே கண்ணாடித் துண்டு. இந்தத் தடவை ஜெயினுலாப்தீன் குழாய்க்குக் காவல் இருக்கவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நேரமானதும் சொரிமுத்து குனிந்தான். துள்ளி நிமிர்ந்தான்.

"பாய்! விழுந்திருக்கு பாய்! நான் அன்னைக்கே சொன்னேம்லா? அந்த டாக்டருமாருக்கு என்ன தெரியும்? மருமவ உண்டாயித்தான் இருக்கு. ஓடுங்க, வீட்டுல வந்தவங்களத் திருப்பி அனுப்புங்க!"

"இது என் மூத்திரம்ல."

சொரிமுத்துவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நடந்ததை அவர் நாலு வார்த்தையில் சொன்னார். சொரிமுத்து ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்கிறவன்போலப் பேசினான்.

"அப்ப அந்தம்மா சொன்னது சரிதான் பாய். ஒரு வகையில நல்லதுன்னு நெனைச்சுக்கிடுங்க. அன்னைக்கு விழுந்ததும் மருந்துதான். உள்ள புள்ளையே இல்ல. நீங்க நிறுத்துனீங்க, அதனால போச்சுன்னு மனசப் போட்டுக் கொழப்பிக்கிட வேண்டாம். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஜெயினுலாப்தீன் எழுந்து மேஜைக்கு வந்தார். கண்ணாடித் துண்டில் பார்த்தார். பழுப்பாய் ஒரு வளையம், பொத்தான் அளவு, ஓரம் சுத்தமாய். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

"அன்னைக்கு விழுந்தது இது இல்ல" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான் பாய். நான் தெனமும் பாக்கேன்லா."

"இல்ல. அது வேற."

"பாய், இப்பத்தான ஒங்க கண்ணால..."

"கண்ணால பாத்தேன்ல. அதத்தான் சொல்லுதேன். அது புள்ள. அது வேற."

படியிறங்கினார். சொரிமுத்து பின்னாலேயே வாசல் வரை வந்து, "பாய், கையையாவது கழுவிட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஜெயினுலாப்தீன் அதைத் தாண்டி, வீட்டுக்குத் திரும்பும் சந்து முனையையும் தாண்டி, ரயில் பாதை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். இல்ல, இல்ல என்று தலையை ஆட்டிக்கொண்டே போனதைப் பார்த்ததாகப் பிற்பாடு கணேசபாண்டியன் சொன்னான்.